தீ தணிந்தது என்பதும் தீ அணைந்தது என்பதும்: ‘டை டவுன்’ பற்றி ஒரு வாசகருக்கு

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் ஆங்கிலக் கடிதங்களையும் தமிழாக்கங்களையும் கவனித்து வருகிறேன். ‘டை டவுன்’ என்ற வினையால் ஒரே மாதத்தில் மூன்று முறை திருத்தம் வாங்கிவிட்டேன். மனைவியை இழந்த ஊழியர் ஒருவருக்கு எழுதிய இரங்கல் கடிதத்தில், ‘வென் யுவர் கிரீஃப் டைஸ் டவுன்’ (உங்கள் துயரம் தணியும்போது) வேலைக்குத் திரும்பலாம் என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி அதை அடித்துவிட்டு, ‘சாவைக் குறிக்கும் சொல்லை இந்தக் கடிதத்தில் எழுதலாமா?’ என்று கேட்டார். அடுத்ததாக, ஒரு தீத்தடுப்பு அறிவிப்பில் ‘ஹேஸ் டைட் டவுன்’ என்று இருந்ததைத் ‘தீ அணைந்த பிறகும்’ என்று தமிழில் எழுதினேன். பொருள் தவறு என்று திரும்பி வந்தது. கடைசியாக, ஆண்டறிக்கையில் ‘வி டைட் டவுன் த டிஸ்பியூட்’ (பூசலைத் தணித்தோம்) என்று எழுதினேன். அதன்கீழ் சிவப்புக் கோடு விழுந்தது. அகராதியில் ‘தணிதல், குறைதல், அடங்குதல்’ என்றுதான் இருக்கிறது. பிறகு நான் எங்கே தவறினேன்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், இந்த மூன்று திருத்தங்களும் சரியானவையே, ஆனால் அவற்றுள் ஒன்றுக்குச் சொல்லப்பட்ட காரணம் பாதிதான் சரி என்பது. அந்த மீதிப் பாதியில்தான் இந்த வினையின் இயல்பு அடங்கியிருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரங்கல் கடிதத்திலிருந்து தொடங்குவோம். ‘டை’ என்பதற்கு இறத்தல் என்று பொருள் இருப்பதால் ‘டை டவுன்’ அமங்கலமான தொடர் என்று யாரேனும் சொன்னால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் ‘த விண்ட் டைட் டவுன்’ என்று சொல்லும்போது அவர் காதில் சாவு ஒலிப்பதில்லை. காற்று தணிந்தது என்பது மட்டுமே ஒலிக்கிறது. இதற்கு நம் மொழியிலேயே ஒரு நல்ல இணை உண்டு. ‘மூச்சு அடங்கியது’, ‘உயிர் அடங்கியது’ என்று இறப்பைச் சொல்கிறோம். உடலைப் புதைப்பதை அடக்கம் என்கிறோம். அதே வினையைக் கொண்டு ‘இரைச்சல் அடங்கியது’, ‘பரபரப்பு அடங்கியது’, ‘ஆட்டம் அடங்கியது’ என்று நாள்தோறும் பேசுகிறோம். அப்போது நமக்கு இடுகாடு நினைவுக்கு வருவதில்லை. வினையோடு சேர்ந்து நிற்கும் பெயர்ச்சொல்தான் எந்தப் பொருள் விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆனால் அதே இணையை இன்னும் ஓர் அடி நகர்த்திப் பாருங்கள். மனைவியை இழந்த ஒருவருக்குத் தமிழில் ஆறுதல் எழுதும்போது, ‘உங்கள் துயரம் அடங்கிய பின் வாருங்கள்’ என்று எழுதுவீர்களா? எழுத மாட்டீர்கள், கை தானாகவே தயங்கும். வேறிடத்தில் உறங்கிக்கிடக்கும் பொருள் அந்தக் கடிதத்தில் விழித்துக்கொள்ளும். ஆங்கிலத்திலும் நடப்பது இதுவே. சந்தைக் கூச்சலைப் பற்றிய கட்டுரையில் குற்றமற்றதாக நிற்கும் ‘டைஸ் டவுன்’, இரங்கல் கடிதத்தில் படிப்பவரின் புண்ணில் படுகிறது. ஆகவே உங்கள் மேலதிகாரி அதை அடித்தது சரி. ஆனால் அது இந்தத் தொடர் எங்கும் ஆகாது என்பதற்கு ஆதாரமாகாது. அந்த ஓரிடத்துக்கு ஆகாது என்பதற்கு மட்டுமே ஆதாரம்.

அதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் இருக்கிறது. ‘டை டவுன்’ வெளியே தெரியும் வேகத்தையும் உயரத்தையும் ஒலியையும் பற்றிப் பேசுகிற வினை. கைதட்டல், சிரிப்பு, பரபரப்பு, சர்ச்சை, வதந்தி, காற்று, தீச்சுவாலை ஆகியவை அதற்கு இயல்பான எழுவாய்கள். ஒருவருடைய துயரத்தை அந்த வரிசையில் நிறுத்தினால், அதையும் சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும் ஓர் ஆரவாரமாகக் கருதுகிறோம் என்ற தொனி வந்துவிடுகிறது. ‘கிரீஃப்’ என்பதோடு, மெல்லக் குறைதலைச் சொல்லும் ‘சப்சைட்’ சேர்ந்தால் அவ்வளவு உறுத்தாது. என்றாலும் துயரம் எப்போது குறையும் என்று கணக்கிட்டுச் சொல்லும் உரிமை நமக்கில்லை என்பதால், நான் அந்த வாக்கியத்தையே மாற்றி, ‘ப்ளீஸ் டேக் ஆல் த டைம் யு நீட்’ என்று எழுதுவேன். உங்களுக்குத் தேவையான காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். அதில் துயரத்தின் பெயரும் இல்லை, அது தணிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை.

இனித் தீத்தடுப்பு அறிவிப்பு. உங்கள் மூன்று வாக்கியங்களில் எனக்கு மிகுந்த கவலையளித்தது இதுதான். ஏனெனில் இங்கே ஏற்படும் பிழை நடைப்பிழையாக நிற்காமல் ஓர் உயிரைக்கூட வாங்கிவிடக்கூடும். ‘த ஃபயர் ஹேஸ் டைட் டவுன்’ என்றால் சுவாலை தாழ்ந்துவிட்டது, வேகம் குறைந்துவிட்டது என்று பொருள். ‘த ஃபயர் இஸ் அவுட்’ என்றால்தான் தீ அணைந்துவிட்டது. முதல் நிலையில் கங்கு இருக்கிறது, சூடு இருக்கிறது, காற்று வீசினால் மீண்டும் பற்றிக்கொள்ளும் வாய்ப்பும் இருக்கிறது. திறந்த வெளியில் மூட்டிய தீயை விட்டுச் செல்லும் முன் நீரை ஊற்றி, கிளறி, கையில் சூடு படாத அளவுக்கு ஆறிவிட்டதா என்று பார்க்கச் சொல்வதெல்லாம், தணிந்த தீயை அணைந்த தீ என்று மனிதக் கண் எளிதில் நம்பிவிடுகிறது என்பதால்தான். அறிவிப்பு எழுதியவர் எச்சரிக்க விரும்பியதே அந்த நம்பிக்கைக்கு எதிராகத்தான். ‘அணைந்த பிறகும்’ என்ற உங்கள் தமிழாக்கம் அந்த நம்பிக்கையையே உறுதிப்படுத்திவிட்டது. ‘சுவாலை தணிந்த பிறகும்’ என்று எழுதியிருந்தால் போதும். நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்கிறோமே, ‘டைட் டவுன்’ ஆன தீக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

இந்த வினையின் இன்னொரு பயன்பாட்டைப் பார்த்தால் ஐயம் முழுவதும் தெளியும். தோட்டக்கலையில் ‘டை டவுன்’ என்பது ஒரு குறிப்பிட்ட நிகழ்வைச் சொல்லும். இஞ்சி, மஞ்சள், காந்தள் போன்று மண்ணுக்குள் கிழங்கு வைத்துள்ள செடிகளின் இலையும் தண்டும் பருவம் முடிந்ததும் பழுத்து வாடித் தரையோடு சாய்ந்துவிடும். கிழங்கோ உயிரோடு உறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த பருவத்தில் மீண்டும் தளிர்க்கும். செடி ‘டைஸ் டவுன்’ என்று தோட்டக்காரர் சொன்னால், அதைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள் என்ற அறிவுரையும் அதற்குள் இருக்கிறது. ‘டவுன்’ என்ற இரண்டாம் சொல் இங்கே வெறும் ஒட்டு அன்று; மேலே இருந்தது கீழே இறங்கியது என்பதை அது கண்முன் காட்டுகிறது. வேர் அறுந்துவிட்டதா என்பதைப் பற்றி இந்த வினை வாயே திறப்பதில்லை.

வேர் இல்லாமல் போவதைச் சொல்ல ஆங்கிலம் ‘அவுட்’ என்ற துணைச்சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறது. மொரீஷியஸ் தீவில் வாழ்ந்த டோடோ பறவை 17ஆம் நூற்றாண்டில் ‘டைட் அவுட்’. அதாவது ஒன்றுகூட மிஞ்சாமல் அற்றுப்போனது. ஒரு மொழி, ஒரு கைத்தொழில், ஒரு வழக்கம் அற்றுப்போவதற்கும் அதுவே சொல். ஆகவே ‘வதந்தி ஹேஸ் டைட் டவுன்’ என்று எழுதினால், இப்போது பேச்சு குறைந்திருக்கிறது, நாளை யாரேனும் ஊதிவிட்டால் மீண்டும் கிளம்பலாம் என்ற இடைவெளியை விட்டுவைக்கிறீர்கள். ‘டை அவே’ என்பது பெரும்பாலும் ஒலிக்கும் ஒளிக்கும் உரியது: காலடியோசை தொலைவில் தேய்ந்து தேய்ந்து காதுக்கு எட்டாமல் போவது. ‘டை ஆஃப்’ என்பது ஒரு கூட்டத்தில் உள்ளவை ஒவ்வொன்றாக மடிவது. இந்த நான்கையும் ஒரே வரியில் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். துணைச்சொல்லின் திசையைக் கவனித்தாலே பொருள் கைக்கு வந்துவிடும்.

காற்றைக் கொண்டு அளவையும் விளக்கிவிடலாம். காற்றின் வேகத்தைக் குறிக்க வானிலையாளரும் மாலுமிகளும் பயன்படுத்தும் போஃபோர்ட் அளவுகோலில் 8 என்றால் மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர் வரை வீசும் பெருங்காற்று. 3 என்றால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வரையிலான இளங்காற்று. 0 என்றால் அசைவற்ற அமைதி. எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கிய காற்றைத் தயக்கமின்றி ‘ஹேஸ் டைட் டவுன்’ என்று சொல்லலாம், இலைகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தாலும். இந்த இடத்தில் தமிழாக்குபவர் கவனமாக இருக்க வேண்டும். நம் ‘ஓய்ந்தது’ என்ற சொல் பல வேளைகளில் முற்றும் நின்றுபோனதையும் குறிக்கும். ‘தணிந்தது’, ‘மட்டுப்பட்டது’ ஆகியவை குறைந்ததை மட்டும் குறிக்கும். மூலத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை முன்பின் வாக்கியங்களைக் கொண்டு அறிந்துகொண்டு, அதற்கேற்ற சொல்லைத் தேர்ந்துகொள்ளுங்கள். அகராதி மூன்று சொற்களையும் அடுத்தடுத்து வைத்திருப்பதால் அவை ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணிவிடக்கூடாது.

உடல்நலம் பற்றிய கடிதங்களும் உங்கள் மேசைக்கு வரும் என்பதால் ஒரு குறிப்பு. வலி ‘டைஸ் டவுன்’ என்பது பிழையன்று. ஆனால் வலி ‘ஈசஸ்’ அல்லது ‘சப்சைட்ஸ்’ என்பதே மருத்துவரிடம் இயல்பாகச் சொல்லப்படுவது. வீக்கமும் காய்ச்சலும் ‘கோ டவுன்’ ஆகும். மழை ‘லெட்ஸ் அப்’ ஆகும். வெள்ளம் ‘ரிசீட்ஸ்’, அதாவது வடியும். மருந்தின் வேகம் குறைவதை ‘வேர்ஸ் ஆஃப்’ என்பார்கள், இங்கேதான் ஒரு சிக்கல். ‘த பெயின் ஹேஸ் வோர்ன் ஆஃப்’ என்றால் வலி போய்விட்டது. ‘த பெயின்கில்லர் ஹேஸ் வோர்ன் ஆஃப்’ என்றால் வலிநிவாரணியின் வேலை முடிந்துவிட்டது, வலி திரும்பி வந்துகொண்டிருக்கிறது. எழுவாயை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மூன்றாவது வாக்கியம், ‘வி டைட் டவுன் த டிஸ்பியூட்’. இதில் உள்ள பிழை தமிழ் பேசுவோருக்கே உரிய பிழை என்று சொல்லலாம். அதற்காக வருந்த வேண்டாம், அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மறுபடி வராது. தமிழில் தன்வினையும் பிறவினையும் ஓர் எழுத்து மாற்றத்தில் கைமாறும். பூசல் தணிந்தது, பூசலைத் தணித்தோம். குரல் அடங்கியது, குரலை அடக்கினோம். விளக்கு அவிந்தது, விளக்கை அவித்தோம். இவ்வளவு எளிதான வசதி நமக்கு இருப்பதால், ‘டைட் டவுன்’ என்பதையும் அப்படியே பிறவினையாக்கிவிடுகிறோம். ஆனால் ‘டை டவுன்’ செயப்படுபொருள் குன்றிய வினை. அது தானாக நிகழும். யாரும் எதையும் ‘டை டவுன்’ செய்ய முடியாது. செயப்படுபொருள் ஏற்காததால் அதற்குச் செயப்பாட்டு வடிவமும் கிடையாது. ‘வாஸ் டைட் டவுன்’ என்று எழுதுவதும் பிழையே. ‘ஹேஸ் டைட் டவுன்’ என்பதில் வரும் ‘ஹேஸ்’ முடிந்த நிலையைக் காட்டுவது. அதைச் செயப்பாட்டுக்கு உரியதென்று மயங்கிவிட வேண்டாம்.

அப்படியானால் தணித்தோம் என்பதை எப்படிச் சொல்வது? தணிக்கப்பட்ட பொருளைப் பொறுத்து வினை மாறும். தீயை ‘புட் அவுட்’ செய்வோம்; மனிதர்களை ‘காம் டவுன்’ செய்வோம்; அச்சத்தை ‘அலே’ செய்வோம்; பூசலை ‘செட்டில்’ அல்லது ‘ரிசால்வ்’ செய்வோம். நாமாகத் தலையிடாமல் காத்திருந்ததைச் சொல்ல வேண்டுமானால் ‘வி லெட் இட் டை டவுன்’ என்று எழுதலாம். அது தானாகத் தணியட்டும் என்று விட்டுவிட்டோம் என்பது அதன் பொருள்.

‘காம் டவுன்’ பற்றி ஒரு வார்த்தை. மனிதர் எழுவாயாக வரும் இடத்தில் ‘டை டவுன்’ எழுதாதீர்கள். ‘த க்ரௌட் டைட் டவுன்’ என்பது கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். கூட்டத்தின் இரைச்சல்தான் ‘டைட் டவுன்’ ஆகும், கூட்டம் ‘காம்ட் டவுன்’ அல்லது ‘குவைட்டென்ட் டவுன்’ ஆகும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் எங்கள் மேசைக்கு வரும் படிகளில் நான் அடிக்கடி திருத்துகிற ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். ‘பரபரப்பு அடங்கும்வரை காத்திருப்போம்’ என்று தமிழில் சொல்லும்போது ‘அடங்கும்’ என்பது எதிர்கால வடிவம். அதை அடியொற்றிப் பலர் ‘அன்டில் இட் வில் டை டவுன்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘அன்டில்’, ‘வென்’, ‘ஒன்ஸ்’ என்று தொடங்கும் காலத்தொடருக்குள் இந்த எதிர்கால ‘வில்’ வராது. ‘அன்டில் இட் டைஸ் டவுன்’ என்பதே சரி. வியப்பு என்னவென்றால், ‘அடங்கியதும்’, ‘அடங்கிய பிறகு’ என்று தமிழ் இறந்தகால வடிவத்தைப் பயன்படுத்தும் இடங்களில் இதே எழுத்தாளர்கள் இந்தப் பிழையைச் செய்வதில்லை. ‘வரை’ என்னும் ஒரே சொல்தான் அவர்களை வழிமாற்றுகிறது.

எழுத்துக்கூட்டல் எளிது: ‘டை’ என்பதன் இறுதியில் உள்ள ‘ஐ’, ‘ஈ’ என்ற இரு எழுத்துகளும் ‘டையிங்’ ஆகும்போது ‘ஒய்’ என்ற ஓர் எழுத்தாக மாறும். துணிக்குச் சாயமேற்றுவதைக் குறிக்கும் ‘டையிங்’ ஒலியில் இதுவே என்றாலும், எழுத்தில் ‘ஒய்’ என்பதற்கு அடுத்து ஒரு ‘ஈ’ கூடுதலாக நிற்கும். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘டவுன்’ என்பதில் விழ வேண்டும். ‘டைட்’ என்பதன் இறுதி ஒலியும் ‘டவுன்’ என்பதன் முதல் ஒலியும் ஒன்றே என்பதால், இரண்டையும் பிரித்து நடுவில் ஓர் உகரத்தை நுழைக்காமல் சற்று நீட்டிப் பிடித்து ஒன்றாகச் சொல்லுங்கள்.

மீண்டும் உங்கள் ஆண்டறிக்கைக்கு வருகிறேன். ஏனெனில் அந்த வாக்கியத்தை இலக்கணப்படி திருத்திவிடுவதோடு வேலை முடிந்துவிடவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு சர்ச்சை ‘ஹேட் டைட் டவுன்’ என்பதை ‘முடிவுக்கு வந்தது’ என்று தமிழாக்கிக் கொடுத்தேன். மூத்த ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, ‘முடித்து வைத்தது யார்?’ என்று மட்டும் கேட்டார். மூலத்தில் யாரும் முடித்து வைக்கவில்லை. பேசியவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். குறை கேட்கப்பட்டதா, தவறு திருத்தப்பட்டதா என்ற எதையும் அந்த மூல வாக்கியம் சொல்லவில்லை. நான் என் ஒரு சொல்லால், நடக்காத ஒரு தீர்வை நடந்ததாக ஆக்கிவிட்டிருந்தேன். அன்றிலிருந்து இந்த வினை எதிர்ப்படும்போதெல்லாம் அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் நிறுவனத்தில் இருந்த பூசலுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். இரு தரப்பாரையும் அழைத்துப் பேசி, உடன்பாடு கண்டு, அது எழுத்தில் பதிவாகியிருந்தால், ‘வி ரிசால்வ்ட் த டிஸ்பியூட்’ என்று எழுதுங்கள். உடன்பாடு எதுவும் இல்லாமல், நாளடைவில் புகார்கள் வருவது குறைந்துபோயிருந்தால், ‘த டிஸ்பியூட் ஹேஸ் டைட் டவுன்’ என்று எழுதுங்கள். அதோடு, ‘தோ நோ செட்டில்மென்ட் ஹேஸ் பீன் ரீச்ட்’, அதாவது உடன்பாடு இன்னும் எட்டப்படவில்லை என்ற தொடரையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் அறிக்கையைப் படிப்பவர் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார், புகார் கொடுத்தவர் தம் குறை மறக்கடிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்வார். இரண்டில் எது நடந்தது என்பதைக் கோப்பைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல முடியும். அதைப் பார்த்துவிட்டு, அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு வரியை மாற்றிவிடுங்கள்.